சலவை அறைச் சீட்டு

"கீழ சலவை ரூம்ல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு, பாத்தியாம்மா? செம காரம்!"

மூன்றாம் மாடி ஹில்டிங் நமட்டுச் சிரிப்போடு சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

இல்வா கீழே போகும் படிகளை எட்டிப்பார்த்தாள்.

நேற்று ஞாயிறு, மாலை நான்கிலிருந்து ஏழு வரை சலவை அறை அவர்கள் வீட்டு முறை. துவைத்தது அவள் மகள் தில்தா. பதினோரு வயது. முதல்முறையாக, தன்னந்தனியாக.

யேவ்லே நகரத்தில் எந்த அடுக்குமாடியிலும் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. அடித்தளத்துப் பொதுச் சலவை அறையில் சீட்டு ஒட்டுவார்கள். பெயர் போடமாட்டார்கள். மரியாதையாகத் தொடங்கி, நாலாவது வரியில் மானத்தை வாங்கிவிடுவார்கள்.

தில்தா என்னத்தைச் செய்து தொலைத்தாளோ?

அவள் லேசுப்பட்டவள் இல்லை. காலுறையின் தையல் விரலில் படக்கூடாது. கம்பளிச் சட்டைக்கு வாசனையில்லாத சோப்புதான். அதையும் தொங்கவிடக் கூடாது, படுக்கப்போட்டுத்தான் காயவைக்க வேண்டும். கொஞ்சம் முன்னேபின்னே ஆனாலும் வீடு ரெண்டுபடும்.

எல்லாவற்றுக்கும் இல்வா தலையாட்டினாள். ஒவ்வொரு காலுறையையும் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பித் திருப்பியே அவளுக்கு வருஷங்கள் போயின.

போன மாதம்தான் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"உன் இஷ்டம் எதையும் நான் மாத்தச் சொல்லல தில்தா. எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனா உன் துணிய இனிமே நீதான் துவைக்கணும்."

மூன்று வாரம் போர். கதவுகள் அறைபட்டன. அழுக்குச் சட்டையோடே பள்ளிக்கூடம் போனாள். இல்வா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். நேற்று தானாகவே கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள் மகள்.

இன்று அதற்குள் சீட்டு.

இதைப் பார்த்தால் தில்தா இனி அந்த அறைப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாள். கூடை மறுபடி தன் தலையில்தான் விழும். தானும் அதை மறுக்காமல் வாங்கிக்கொள்வோம் என்பது இல்வாவுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மகள் கண்ணில் படுவதற்குள் கிழித்துவிட வேண்டும். இல்வா இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

உலர்த்தும் இயந்திரத்தின் மேல், நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

'அன்புள்ள அண்டை வீட்டாருக்கு.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நான் வந்தபோது இந்த இயந்திரத்தின் வடிகட்டியில், யார் துணியிலிருந்தோ உதிர்ந்த பஞ்சு ஒரு கை நிறைய இருந்தது. அதை நான்தான் எடுத்துப் போட்டேன். நன்றாக இல்லை.'

கிழிக்கப் போன கை நின்றுவிட்டது.

ஞாயிறு நான்கு மணியா?

அப்போதுதான் கையெழுத்தைக் கவனித்தாள். பச்சை மை. எழுத்துகளின் மேல் புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு குட்டி வட்டம். ஆசிரியை எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளாத வட்டம்.

இல்வா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கு வழியாக வந்தது.

திட்டு வாங்கியவள் இல்லை அவள் மகள். திட்டியவள்! இருபத்தெட்டு வீடுகளையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள். இத்தனை காலம் தன் உயிரை எடுத்த நொட்டை நொள்ளையெல்லாம் இன்று ஊர்ப் பொதுவேலைக்கு வந்துவிட்டது. இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்? அந்தச் சோப்பு நாற்றத்தின் நடுவே இல்வாவுக்கு ஆடவேண்டும்போல் இருந்தது.

நிதானமாக மிச்சத்தையும் படித்தாள்.

'பஞ்சு நீல நிறம். உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை. உங்கள் குப்பையை நீங்களே எடுங்கள்.'

நேற்று மதியம் அந்த இயந்திரம் ஹில்டிங்கின் முறை. அவர் வேலை சீக்கிரம் முடிந்துவிட, மிச்சமிருந்த அரைமணியை இல்வாவுக்குக் கொடுத்தார்.

அவள் அதில் போட்டது தன் கட்டில் போர்வையை. நீலப் போர்வை.

அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் இல்வா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

பிறகு நேரப்பதிவுப் பலகையில் கயிற்றில் தொங்கிய பேனாவை இழுத்து, சீட்டின் அடியில் எழுதினாள்.

'மன்னிக்கவும். இனி நடக்காது.'

கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதினாள்.