இருபத்தேழாம் நம்பர் டேப்

“நாலு நாளாச்சுங்க அம்மணி. ஏழு நிமிஷ டேப்புக்கு நாலு நாளா?” என்றான் சாய்சரண்.

செவ்வந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் முடியலைங்க.”

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றின் உளவியல் துறை அது. இருவரும் அங்கே ஆராய்ச்சி உதவியாளர்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் காங்கேயத்து எண்ணெய் மில் தொழிலாளர் குடும்பங்களில் எடுத்த டேப்புகள் அவர்களிடம் வந்திருந்தன. ஒரு வயதுக் குழந்தையைப் புது ஆளிடம் விட்டுவிட்டு அம்மா வெளியே போவாள். மூன்று நிமிடம் கழித்துத் திரும்பி வருவாள். அப்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்து, அது அம்மாவிடம் ஒட்டிய குழந்தையா, ஒட்டாத குழந்தையா என்று எழுத வேண்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதேபோல் எடுத்தவற்றோடு பிறகு ஒப்பிடுவார்கள்.

டேப்புகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எழுதி முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்பது அன்று தாய்மார்களுக்குக் கொடுத்த வாக்கு. மற்றவை எல்லாம் முடிந்து, இருபத்தேழு மட்டும் நின்றது.

செவ்வந்தி மறுபடி ஓட்டினாள். கதவு திறந்தது. மஞ்சள் சேலை கட்டிய பெண் உள்ளே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள். கவுன் போட்ட குழந்தை டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தது.

“பெத்தவ வந்து நிக்கறா, திரும்பிக்கூடப் பாக்கல. சரியான அழுத்தக்காரி. ஒட்டாத குழந்தைன்னு எழுதிப்போட்டு எந்திரிங்க.”

“அப்படி எழுத முடியாதுங்க. நம்மூர்ல ஒரு குழந்தையப் பத்துப் பேரு தூக்கறாங்க. அழுதாத்தான் பாசம்னு யாருங்க சொன்னா?”

அவள் இத்தனை பேசி அவன் கேட்டதில்லை.

பேராசிரியர் பிரத்யுஷா உள்ளே வந்தார். “சாயங்காலம் எல்லாத்தையும் அழிக்கப்போறோம் செவ்வந்தி. இன்னும் என்ன?”

“இத மட்டும் அழிக்காம வெக்க முடியுங்களா மேடம்?”

“விதி உனக்குத் தெரியும்ல கண்ணு. அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா வெக்கலாம். உனக்காக ஒரு நாள் தள்ளி வெக்கறேன். காங்கேயம் போய், மில்லுல படத்தக் காட்டி ஆளக் கண்டுபிடிச்சுக் கேட்டுட்டு வா.”

“அவங்ககிட்டக் கேக்க முடியாதுங்க.”

“கூச்சமா? இப்படி இருந்தா எப்படி ஆராய்ச்சி பண்ணுவே? சாய்சரணைக் கூட்டிட்டுப் போ.”

“நான் வாரேன் மேடம்,” என்றான் அவன். “அந்த அழுத்தக்காரி இப்ப எப்படி இருக்குதுன்னு பாத்துப்போட்டு வரலாம்.”

செவ்வந்தி படத்தை நிறுத்தினாள். மஞ்சள் சேலை கதவருகே நின்றது.

“அந்தப் பாப்பா கையெழுத்துப் போட்டா ஆகாதுங்களா மேடம்?”

“இப்ப வளந்த பொண்ணுதானே, ஆகும். எங்க இருக்குதுன்னு தெரியுமா?”

“நாந்தானுங்க அது,” என்றாள் செவ்வந்தி. “எங்கம்மாவ நான் போட்டோலதான் பாத்திருக்கறேன். இது எடுத்த மறு வருசம் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. இதுல மட்டும்தானுங்க மேடம், திரும்பி வாராங்க.”