பூதம் தூங்கும் இடம்

“பூதம் எங்கம்மா தூங்கும்?”

“பின்கதவுகிட்ட. அங்க தாழ்ப்பாள் மட்டும்தான், பூட்டு இல்ல. அதான் அது அங்கயே படுத்துக்கும்.”

மகள் கறுப்பு வட்டத்தை வெட்டி ஒரு பாட்டில் மூடியில் ஒட்டினாள். எட்டு வயது. கத்தரிக்கோல் திரும்பிய பக்கமெல்லாம் நாக்கும் திரும்பியது.

அம்மா தான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்த தாள்கள் நான்கு. மூன்றை அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டியதும் ஒரு வீடு வந்தது. படுக்கையறை, கூடம், சமையலறை, பின்கதவு, வாசல். தரை முழுக்கக் கட்டங்கள். நான்காவது தாள் இதோடு சேராது என்று சொல்லி, அதை மடித்து மகளின் பள்ளிப் பைக்குள், அடியில் போட்டிருந்த அட்டைக்குக் கீழே செருகினாள்.

விதிகள் சுலபம். பெரிய காயும் சின்னக் காயும் படுக்கையறையிலிருந்து கிளம்ப வேண்டும். மாவு டப்பா வரைந்த கட்டத்தில் வாசல் சாவி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் வெற்றி. சிவப்புக் கட்டத்தில் கால் வைத்தால் சத்தம். மூன்று சத்தத்தில் பூதம் விழித்துவிடும்.

“விழிச்சா என்ன பண்ணும்?”

அம்மா பசை காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “விழிக்கக் கூடாது” என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தடவையாவது சத்தமே இல்லாமல் ஜெயித்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

பகடையும் தாளில் மடித்து ஒட்டியதுதான். உருட்டினால் அது விழுந்ததே தெரியவில்லை. அந்த அமைதி மகளுக்கு என்னவோ போலிருந்தது.

“நீ அழுகுணி ஆட்டம் ஆடற. எப்பவும் சின்னக் காயையே முன்னாடி தள்ளி விடற.”

“அது முதல்ல வெளிய போகட்டும்.”

மூன்று ஆட்டம் தோற்று, நான்காவதில் ஜெயித்தாள். அட்டையை எடுத்து வைக்கப் போனபோது அம்மா தடுத்தாள். மேசை மேலேயே இருக்கட்டும், அப்பா கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது.

சாயங்காலம் அப்பா வந்தார். கை கழுவிவிட்டு அட்டைக்கு எதிரே உட்கார்ந்தார். இது என்ன என்று அன்பாகத்தான் கேட்டார். மகள் மூச்சுவிடாமல் அத்தனை விதிகளையும் ஒப்பித்தாள். அவர் விரல், கூடத்தில் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த சிவப்புக் கட்டத்தில் நின்றது. பிறகு தன் காலைத் தூக்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையை மெல்ல அழுத்தினார்.

பெயர்ந்திருந்த தரை ஓடு ‘டக்’ என்றது.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்து அவளைத் தாண்டி உள்ளே போனார். திரும்பி வந்தபோது முழங்கை வரை மாவு. விரல்களுக்கிடையில் ஒரு புதுச் சாவி. அதை ஊதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பூதத்தைத் தப்பான இடத்துல படுக்க வச்சிருக்கா உங்கம்மா.”

கறுப்பு மூடியை எடுத்து வாசல் கட்டத்தில் வைத்தார். “இனிமே அது இங்கதான் தூங்கும்.”

பின்கதவை ஒட்டிக் கிடந்த தன் கட்டிலைக் கூடத்தின் வழியாக இழுத்துவந்து, வாசல் கதவுக்குக் குறுக்கே போட்டார். கட்டில் கால்கள் தரையைக் கீறிக்கொண்டே வந்தன. மகள் பள்ளிப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பையின் அடியில், நான்காவது தாளில், அதே வீடு சின்னதாக இருந்தது. இரண்டு காய்களுக்கான புள்ளிக்கோடு பின்கதவு வழியாகத் தெருவுக்குப் போனது. அச்சடித்த நாளிலிருந்தே பூதம் அதில் வாசலில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.