முப்பது நாள் பணக்காரி

இல்லாதவர்களை முப்பது நாளைக்குப் பணக்காரர்களாக்குவதுதான் ஸி லமீனுக்குத் தொழில்.

பிரான்சில் ஒரு வருஷம் தங்க வேண்டுமென்றால் போதுமான சேமிப்பு இருப்பதைக் காட்டு என்கிறது தூதரகம். அவ்வளவு சேமிப்பு உள்ளவன் எதற்காக ஸ்ஃபாக்ஸ் நகரத்தை விட்டுப் போகப் போகிறான்? அதனால் ஜனங்கள் மரியாதையாக 'ஸி' போட்டு அழைத்தபடி லமீனைத் தேடி வந்தார்கள். அவர் பணம் கொடுப்பார், அவர்கள் கணக்கில் போட்டுக் காட்டுவார்கள். மாதம் முடிந்ததும் பணம் வட்டியோடு திரும்பிவிடும். வட்டி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அது ஹராம். 'உழைப்புக் கூலி' என்று சொல்ல வேண்டும்.

கொடுக்கல் வாங்கல் எல்லாம் ரொக்கம்தான். அவருடைய பணம் எந்த வங்கியில் தூங்குகிறது என்பது வரிக்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

ஒரு நாள் காலை, ஹத்தாபின் காப்பிக்கடையில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள் மப்ரூக்கா. ஐம்பது வயது இருக்கும். மஹ்தியா ஊர்க்காரி. பிரான்சின் லியோன் நகரில் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறதாம், போய் ஒரு வருஷம் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அறுபதாயிரம் தினார் காட்ட வேண்டும்.

"ஆனா ரொக்கம் வேணாம், ஸி லமீன். திடீர்னு வந்த பணம் யாரோடதுன்னு கேக்குறாங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்படித்தான் விசா இல்லேன்னுட்டாங்க. உங்க கணக்குலேர்ந்தே என் கணக்குக்கு மாத்திடுங்க. உங்க மூணு மாசக் கணக்குத் தாளும் வேணும். கூடவே ஒரு கடுதாசி. 'இது என் சொந்தச் சேமிப்பு, இதுலேர்ந்து மப்ரூக்காவுக்கு அன்பளிப்பாத் தரேன்'னு எழுதி, நகராட்சியில கையெழுத்துக்கு முத்திரை வாங்கிடுங்க."

"அன்பளிப்பா? நல்லா இருக்கு, லல்லா மப்ரூக்கா! அப்புறம் நீங்க லியோன்ல உக்காந்துக்கிட்டு எனக்கு நன்றிக் கடுதாசி போடுவீங்க."

"கூலி ரெட்டிப்பாத் தரேன். நாலாயிரம். பாதி இப்பவே."

லமீன் காதில் செருகியிருந்த மல்லிகைச் செண்டை எடுத்து முகர்ந்தார். நாலாயிரம் என்ற சொல்லுக்கும் நல்ல வாசனை இருந்தது.

அவள் போனதும் ஹத்தாப் ஓடி வந்தான். "வேணாம்யா! முத்திரை குத்தி அன்பளிப்புன்னு எழுதிக் குடுத்தா பணம் அவளோடது. வாயில விரலை வெச்சுக்கிட்டு நிப்பே."

"போடா! ஸ்ஃபாக்ஸ்காரன் பணத்தைத் தின்னவன் இன்னும் பொறக்கலே. அறுபதாயிரத்துக்குக் காசோலை எழுதி வாங்கிட்டுத்தான் பணத்தை மாத்துவேன். காசோலை திரும்பினா அவ ஜெயிலுக்குப் போவா."

"லியோன்ல இருக்குறவளைப் பிடிக்க உன் ஜெயில் அங்க வருமா?"

லமீனுக்குச் சுருக்கென்றது. ஆனால் நாலாயிரம் ஆயிற்றே! காசோலையை வாங்கிக்கொண்டார், நகராட்சிக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா கடிதத்தைப் படிக்கவே இல்லை. அடையாள அட்டையை ஒரு தடவை பார்த்தார், முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார். கோழி திருடியதாக எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான் குத்துவார்.

பணம் மாறிய மறுநாளே கவலை ஆரம்பித்துவிட்டது. ஹத்தாப் சும்மா இருந்தால்தானே!

"பெரிய பெட்டி ரெண்டு வாங்கியிருக்கா."

"வங்கிக்காரன்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா."

"மொத்தப் பணத்தையும் ஒரே நாள்ல எடுக்கலாமான்னு கேட்டாளாம்."

லமீனுக்கு வறுத்த மீன் இறங்கவில்லை. மல்லிகைச் செண்டு வாங்குவதையும் நிறுத்திவிட்டார். கடையைத் திறக்கும்போதே வந்து, வங்கி வாசல் தெரியும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அறுபதாயிரம்! காசோலையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பத்தாம் நாள், பெட்டியை இழுத்துக்கொண்டு மப்ரூக்கா வங்கிக்குள் நுழைந்தாள். லமீன் காப்பியைத் தட்டிவிட்டு, காசோலையைக் கொடிபோல் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினார். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் அவருடைய தாயாரைப் பற்றி ஏதோ சொன்னான்.

"அடடே, நீங்களே வந்துட்டீங்களா!" என்றாள் மப்ரூக்கா. "ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். தாளெல்லாம் குடுக்க வேண்டிய இடத்துல குடுத்தாச்சு. இனிமே எதுக்கு உங்க பணம் என்கிட்ட? எடுத்துக்கங்க."

அறுபதாயிரமும் சிந்தாமல் சிதறாமல் வந்தது, இருபது நாள் முன்னதாகவே. மீதிக் கூலி இரண்டாயிரத்தையும் எண்ணி வைத்தாள். லமீனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தங்கமான பொம்பளைடா!" என்று ஹத்தாபைத் திட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை, வீட்டில் இருப்பதிலேயே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு மஹ்தியாவுக்கு ஷேர் டாக்ஸி ஏறினார். நாலு வருஷமாக அவ்வப்போது செய்கிற வேலைதான். குடும்ப நீதிமன்றத்தில் நின்று, "ஐயா, நான் பரம ஏழை. சேமிப்புன்னு ஒரு மில்லிம் காசு கிடையாது. மூணு பிள்ளைங்களுக்கு ஜீவனாம்சம் குடுக்க நான் எங்கே போவேன்?" என்று அழுதுவிட்டு வர வேண்டும். அன்று அழுகை மிகவும் நன்றாக வந்தது. நீதிபதியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முன்னாள் மனைவி புதிதாக அமர்த்திய வக்கீல் அதுவரை இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர், அழுகை முடிந்ததும் எழுந்து கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு, நகராட்சி முத்திரை குத்திய கடிதத்தை நீதிபதியிடம் நீட்டினார். மப்ரூக்காதான்.