கையெழுத்து போடாத டாக்டர்

"முதல்ல அந்த மாம்பழப் பையைக் கீழ வைங்க அங்கிள். அப்புறம் சட்டையைக் கழட்டுங்க."

"லஞ்சம்னு நெனச்சுக்காதே. யார்கிட்டேயும் வெறுங்கையோட போகக் கூடாதுன்னு சொல்லி வளர்த்துட்டாங்க என்னை," என்றார் மோரிஸ்.

"கஞ்சா அட்டைக்கு மாம்பழம் லஞ்சமா? வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

நர்ஸ் நோஹேயா கதவைச் சாத்தினாள். அந்தத் தீவுக்கு இருப்பது இந்த ஒரே கிளினிக்தான். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். வலிக்குக் கஞ்சா வாங்க அட்டை வேண்டும், அட்டைக்குக் கையெழுத்து வேண்டும். இத்தனை வருஷமாக டாக்டர் மட்டும்தான் போடலாம் என்று இருந்தது. மேல்படிப்பு படித்த நர்ஸும் போடலாம் என்று சட்டம் மாறியது போன மாதம்தான். அவளிடம் கையெழுத்து கேட்டு வந்த முதல் ஆள் மோரிஸ். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது, கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது.

"எங்க வலிக்குது?"

"இடுப்புல ஆரம்பிச்சு கால் கட்டைவிரல் வரைக்கும் நெருப்பா எரியுது. நரம்பு நசுங்கியிருக்கு."

"என்ன வியாதின்னு நான் சொல்றேன். எங்க வலின்னு மட்டும் நீங்க சொன்னா போதும்."

சொல்லிக்கொண்டே இடுப்பில் ஓர் அழுத்து அழுத்தினாள். மோரிஸ் போட்ட சத்தத்தில் வெளியே பேச்சு நின்றுபோனது.

"தூக்கம் எப்படி?"

"அது என் வீட்டுப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. மாத்திரை போட்டா மறுநாள் பூரா மண்டை மந்தமா கிடக்கு. அதோட வேலைக்குப் போக முடியுமா? இதுவும் சரிப்படலைன்னா எல்லாத்தையும் விட்டுட்டு மக வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். லாஸ் வேகஸுக்கு."

நோஹேயாவின் கை அப்படியே நின்றது. வேகஸுக்குக் குடிபோன தீவுக்காரர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவார்கள், அவ்வளவுதான். இவரும் போய்விடுவாரோ என்று பயம் வந்தது. அதை மறைக்க அதட்டினாள்.

"பாலைவனத்துல போய் என்ன பண்ணப்போறீங்க? நல்ல மீன் கிடைக்காம ஒரே வாரத்துல அழுவீங்க. பேசாம திரும்பிப் படுங்க."

திரும்பிப் படுத்தார்.

"ஏன் அங்கிள், இங்கதான் ஒரு டாக்டர் இருக்காரே, அவர்கிட்ட கையெழுத்து கேக்க வேண்டியதுதானே?" என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"கேக்காமலா இருப்பேன்? தினமும் காலையில பாக்கறேன் அவனை. பல் தேய்க்கிற நேரத்துலயே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பான். தீவுல பாதிப் பேருக்குப் போட்டுக் கொடுத்தவன், எனக்கு மட்டும் முடியாதுங்கறான்."

"ஏனாம்?"

"சட்டம் இடம் கொடுக்கலையாம்."

"கறாரான ஆளுதான்."

"கறார் இல்லை, கிறுக்கு."

"ஹொனலூலூவுல வேற டாக்டரைப் பாத்திருக்கலாமே?"

"பிளேன்ல போய்த் திரும்ப ஒரு நாள் போயிடும். அன்னிக்கு இங்க என் வேலையை யார் பாப்பா?"

நோஹேயா கை கழுவிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நர்ஸும் போடலாம்னு பேச்சு வந்தப்ப, ஊர்க்கூட்டத்துல அந்த டாக்டர் எழுந்து என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?"

மோரிஸ் சட்டைப் பொத்தானைத் தேட ஆரம்பித்தார்.

"'நர்ஸ் போட்டா நாளைக்கு மீன் விக்கிறவனும் போடுவான்'னார். நான் பின் வரிசையில உக்காந்திருந்தேன். எங்க அம்மா பக்கத்துல. அவங்க மீன் விக்கிறவங்க."

மோரிஸ் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"முட்டாள்தனமா பேசிட்டான்," என்றார். "அவன் சார்பா உன்கிட்டயும் உங்கம்மாகிட்டயும் நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"அவருக்காக நீங்க கேட்டா செல்லுமா?"

"செல்லும்."

நோஹேயா பேனாவை எடுத்தாள். தன் முதல் கையெழுத்து என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளை போல நிறுத்தி நிதானமாகப் போட்டாள். காகிதத்தை நீட்டியவள், அவர் வாங்கப் போகும்போது பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும். அதுக்கப்புறம் வண்டி ஓட்டக் கூடாது. வேலை நேரத்துல தொடவே கூடாது."

"இதை நீ எனக்குச் சொல்றே!"

"இன்னிக்கு நான்தான் சொல்லுவேன். நீங்க தலையை ஆட்டுங்க."

ஆட்டினார்.

"வேகஸ்?"

"தூக்கம் வந்துட்டா வேகஸ் எதுக்கு?" என்றவர், அவள் கண் கலங்குவதைப் பார்த்து, "ஏய், மாம்பழத்தைச் சாப்பிடு. இல்லேன்னா அழுகிடும்," என்றார்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. பெஞ்சில் காத்திருந்த ரோசலின் ஆன்ட்டியின் குரல்.

"நோஹேயா! விடிஞ்சதுலேருந்து உக்காந்திருக்கோம். இன்னும் எவ்வளவு நேரம்?"

"இதோ ஆன்ட்டி, முடிஞ்சது!"

மோரிஸ் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இடுப்பைப் பிடித்தபடி எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு எதிர் அறையை நோக்கி நடந்தார்.

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா டாக்டர்!" என்றாள் ரோசலின் ஆன்ட்டி. "நேத்து நான் குடுத்த மாம்பழம் பழுத்துதா?"