ஆள் நீளம்

கயிற்றின் ஒரு நுனியைக் குட்டி லொறியின் பின்தட்டு மூலையில் வைத்து அழுத்திக்கொண்டு, மறு நுனியை இழுத்தாள்.

ஒரு முழம் வெளியே தொங்கியது.

"இதுக்குள்ளை அவன் படுக்கேலாது," என்றாள்.

காலையில் பாயில் கிடந்த மகன் துவாரகனை உச்சி முதல் குதிக்கால் வரை அளந்து வெட்டிய கயிறு. இருபத்து நான்கு வயது. முதுகெலும்பில் கட்டி. உட்கார முடியாது, ஓட்டோவில் ஏற்ற முடியாது. கிளினிக் நாள் வந்தால் வாகனத்துக்கு ஊரெல்லாம் கெஞ்ச வேண்டும். கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு அலுத்துவிட்டது.

அளக்கும்போது காலில் கயிறு பட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சவப்பெட்டிக்கு அளப்பதுபோல் பெற்ற பிள்ளையை அளந்த கை விளங்குமா என்று, வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

கிளிநொச்சி வீதியோரம் ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய குட்டி லொறிகள் வரிசையாக நின்றன. அவளுக்கும் கணவருக்கும் கட்டுப்படியானவை இரண்டே இரண்டு.

வெள்ளை. நல்ல என்ஜின். சீட்டுக்குப் பின்னால் இடம் அதிகம், அதனால் தட்டு குட்டை.

நீலம். தட்டு நீளம். அடியெல்லாம் துரு. கதவில் ஏதோ ஜப்பான் எழுத்து. விற்கிறவனுக்கும் அதை வாசிக்கத் தெரியாது.

நீலத்தில் கயிறு முழுவதும் உள்ளே கிடந்தது. தலைமாட்டில் தலையணைக்கும் இடமிருந்தது.

கணவர் வெள்ளையை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பு!

"இஞ்சை பாரும். கொஞ்ச நாளைக்கு ஆரிட்டையாவது வாகனம் கேட்டுச் சமாளிப்பம். பெடியன் எழும்பினாப் பிறகு இதைத்தானே ஓடப்போறான்."

போன கிளினிக்கில் டொக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னதை, பாவம் மனுசன், இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

விற்கிறவன் நல்லவன். குனிந்து நீலத்தின் அடியைத் தட்டிக் காட்டினான். துரு உதிர்ந்தது.

"பொய் சொல்லக்கூடாது அக்கா. வெள்ளை பத்து வருசம் ஓடும். இது கூடிப்போனா ஒரு வருசம்."

அவள் கயிற்றைச் சுற்றி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போதும்," என்றாள்.

கணவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.