தனிக் குழு

சியர்லீடர் குழுவின் கேப்டன் லொரெய்ன், ஸ்டீமர்ஸ் கிளப் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்கப் பார்க்க டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு வாய்க்கு வாய் "சார்" வேறு.

முந்தின ஞாயிறு, ஃபுட்பால் ஆட்டத்தின் நடுவில், மைதான ஓரத்தின் பனி உறைந்த சிமெண்டுத் தரையில் அவர்கள் குழுவின் தெரசா ஆடும்போது வழுக்கி விழுந்தாள். முழங்கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. பத்தடி தள்ளி நின்ற ஸ்டீமர்ஸ் அணியின் டாக்டர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் வேண்டாமென்று தலையாட்டினார்.

கடைசியில் எதிரணி டாக்டர்தான், அவர்கள் அணியின் பச்சைக் கோட்டு பறக்க மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து காலுக்குக் கட்டுப் போட்டார்.

அந்தத் தலையாட்டலுக்கு நியாயம் கேட்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"இத பாரும்மா," என்றார் மேனேஜர் ஹாலரன், சுருட்டுச் சாம்பலைத் தட்டியபடி. "நீங்க தனிக் குழு. எங்க ஆளுங்க இல்ல. எங்க நிக்கிறீங்க, என்ன உடுத்துறீங்க, யாருக்காகக் கத்துறீங்க, எதுக்கும் கிளப்பு பொறுப்பில்ல."

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் லொரெய்னும் ஆறு டெலிபோன் ஆபரேட்டர்களும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஆடிப் பழகி ஆரம்பித்த சியர்லீடர் குழு அது; மைதான ஓரத்தில் ஆடிக் கத்தி ஸ்டீமர்ஸுக்கு உற்சாகம் ஊட்டுவது அவர்கள் வேலை. வான நீலப் பாவாடையும் வான நீலக் கம்பளிச் சட்டையும் அவர்களே தைத்துக்கொண்டார்கள். கிளப் கொடுத்தது தலைக்கு ஒரு டிக்கெட்டும், காரை நிறுத்த ஓர் இடமும். ஆனால் மாதாமாதம் எடை மிஷினில் ஏற்றி, நாலு பவுண்டு கூடியவளை வெளியே அனுப்பும்போது மட்டும் அவர்கள் கிளப்பின் ஆட்கள்!

டார்லீன் வாயைத் திறப்பதற்குள் லொரெய்ன் முந்திக்கொண்டாள்.

"அப்ப அதையே எழுத்துல குடுத்துடுங்க சார். இப்ப சொன்னீங்களே, ஒரு வார்த்தை விடாம."

தொல்லை இவ்வளவு சுலபமாக விட்டதே என்று அவர் உடனே டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். லொரெய்ன் நன்றி சொல்லிக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அறைக்கு வெளியே நடைக்கு வந்ததும் டார்லீன் வெடித்தாள். கால் போனவளுக்காக ஒரு வார்த்தை உண்டா? கும்பிடு போடவா இவ்வளவு தூரம் வந்தது?

லொரெய்ன் பையை இழுத்து மூடினாள். "உன் பாவாடை சட்டையை வியாழக்கிழமைக்குள்ள என்கிட்ட குடுத்துடு. எல்லார்கிட்டயும் வாங்குறேன்," என்றாள்.

"வியாழக்கிழமை எதுக்கு? கார்லதான் இருக்கு," என்று டார்லீன் விடுவிடுவென்று போய்ப் பையை எடுத்துவந்து அவள் காலடியில் போட்டாள். "இனிமே என்னைத் தேடாதீங்க, கேப்டன்."

இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில்தான் மறுபடி பார்த்துக்கொண்டார்கள். லொரெய்னின் விரல் நுனியெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது.

"சிகரெட்டை மறுபடி ஆரம்பிச்சாச்சா? நல்லா ஊதுங்க. உங்களுக்கென்ன கவலை," என்றாள் டார்லீன். லொரெய்ன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மேலே தெரசா சொன்ன சேதி டார்லீனை இன்னும் கிளப்பிவிட்டது. வருகிற ஞாயிறு, தோற்றால் வெளியேறும் பிளே-ஆஃப் ஆட்டம், அதே பச்சைச் சட்டை அணியோடு, இதே ஊரில். குழு ஆடத்தான் போகிறதாம். தவறாமல் டிவி பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாளாம் லொரெய்ன். அந்தப் பச்சைக் கோட்டு டாக்டர்கூட போன் போட்டு, காலை மடக்க முடிகிறதா என்று விசாரித்தாராம்.

"வேத்து ஊர்க்காரனுக்கு இருக்கிற ஈரம் இவளுக்கு இல்ல பாரு," என்றாள் டார்லீன்.

டிக்கெட் மிஞ்சினால் உள்ளூர் டிவியில் காட்டமாட்டார்கள்; ஞாயிறன்று டிக்கெட் பூராவும் தீர்ந்துபோனதால் ஆட்டத்தைக் காட்டினார்கள். தெரசாவுக்காகத்தான் டார்லீன் ஆஸ்பத்திரி அறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் லொரெய்ன் முகம் வந்ததும் அணைத்துவிடுவதென்று கை பொத்தானிலேயே இருந்தது.

பேண்டு முழங்க ஸ்டீமர்ஸ் ஓடிவந்தது. முன்னால் ஆடிவர ஒருத்தியும் இல்லை.

அடுத்து எதிரணியின் வாசல் திறந்தது. குஞ்சங்களை உயர்த்திக்கொண்டு இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். வான நீலமெல்லாம் மஞ்சள் சாயத்தில் முங்கி எழுந்து பச்சைப்பசேலென்று இருந்தது. வரிசையில் இரண்டு இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள்.

டார்லீனின் கை தானாகப் பொத்தானிலிருந்து இறங்கியது. தெரசா கட்டுப் போட்ட காலை மறந்து எழப் பார்த்தாள்.

கூட்டம் ஊளையிட்டது. ஹாலரன் தொப்பி விழுந்தது தெரியாமல் ஓடிவந்து, இவங்களை வெளியே தள்ளுங்க என்று காவலர்களைப் பார்த்துக் கத்தினார்.

டிவிக்காரர் ஒருவர் லொரெய்ன் முகத்தருகே மைக்கை நீட்டினார். சொந்த ஊர் அணிக்கு இப்படித் துரோகம் செய்யலாமா என்று கேட்டார்.

லொரெய்ன் சட்டைக் கைக்குள்ளிருந்து மடித்த கடிதத்தை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிரித்துப் பிடித்தாள்.

"நாங்க தனிக் குழுங்க. மேனேஜரே கையெழுத்துப் போட்டிருக்காரு."