கவர் பிரிக்காத மிதவை

தணிகைவேல் வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றிச் சட்டப்படி வேலி இருந்தது. வேலியில், தானாகவே மூடிக்கொள்ளும் கதவு. பக்கத்தில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காத மிதவை வளையம். கவருக்கு மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

சோதனைக்கு வந்த ஆபீசர் எல்லாவற்றையும் பார்த்து, இளநீர் குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் கார் தெரு முனை திரும்புவதற்குள், பஜ்ஜித் தட்டோடு போய்வர இடைஞ்சல் என்று கதவைத் திறந்து வைத்துச் செங்கல்லை முட்டுக்கொடுத்தார் தணிகைவேல்.

"உன் வேலை முடிஞ்சுதா?" என்றது வளையம்.

"முடிஞ்சுது. தானா மூடுற கதவுன்னு பேரு, திறந்தே நிக்கிறேன். நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்ன, ஒரு தூசி படலை. எவ்வளவு பத்திரமா வச்சிருக்கார் பாரு!"

"ஆமாமா, இந்த வீட்ல பாதுகாப்பா இருக்கிறது நீ மட்டும்தான்."

அப்போது பஜ்ஜியோடு வந்த தணிகைவேல், செங்கல் தடுக்கிக் குளத்தில் விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. சமையல்காரர் செங்கோடன் ஓடிவந்தார். வளையத்தின் கயிறு கவருக்குள்ளேயே சுருண்டிருந்தது. அவர் கவரைக் கிழிக்கப் போனார்.

தண்ணீருக்கு மேலே தலை ஒருமுறை வந்தது.

"கிழிச்சிடாத செங்கோடா! அடுத்த வருஷமும் ஆபீசர் வருவாரு!"